வாகைப்பட்டிக்கு வருவதைப் பற்றி

வாகைப்பட்டி, திருமங்கலம் தாலுகா
1938 மே 22

அருமை மகள் அன்னக்கொடிக்கு உன் ஐயா எழுதிக்கொள்வது. நான் சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீயும் மாப்பிள்ளை முத்திருளனும் பேரன் வெள்ளைத்துரையும் சுகமென்று பதில் வந்தால்தான் எனக்கு நிம்மதி.

கப்பலில் ஏழு நாள். நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில் ஏறினேன். முப்பது வருஷம் மலாய் ரயிலில் உழைத்து, சரக்கு வண்டிக் கார்டாக ஓய்வு பெற்றவன், வேலையில்லாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்ததில் எனக்கே கூச்சமாக இருந்தது. மதுரையில் கஜானா ஆபீசுக்குப் போய் பென்ஷன் காகிதத்தைக் காட்டினேன். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று நாற்காலி போட்டார். மாதாமாதம் முதல் வாரம் நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். மலாய் சர்க்கார் கொடுக்கிற பணத்தை மதுரையில் உட்கார்ந்து வாங்குகிறேன். உன் அம்மா மாயக்காள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் அனுப்பிய பணத்தில் உன் அத்தை சோணையம்மாள் கட்டிவைத்த ஓட்டுவீடு நன்றாக இருக்கிறது. இரண்டு அறை, பின்னால் கிணறு. உங்களுக்கென்று ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறேன். ஊர்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. பொழுது சாய்ந்தால் ஆம்பளைகள் யாரும் வீட்டில் தங்குவதில்லை என்று அத்தை சொன்னாள். விவரம் கேட்டு எழுதுகிறேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் ஐயா,
நல்லகாமன்


ஈப்போ
1938 ஜூலை 9

அன்புள்ள ஐயாவுக்கு அன்னக்கொடி கும்பிட்டு எழுதுவது. இங்கே மூவரும் நலம். உங்கள் காலில் வீக்கம் வடிந்ததா? அத்தைக்குத் தேக சௌக்கியம் எப்படி?

உங்கள் கடிதத்தை வெள்ளைத்துரை மூன்று தடவை படித்தான். தாத்தாவுக்கு நாற்காலி போட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். பதினைந்து வயசாகிறது, உங்களைவிட உயரமாகிவிட்டான். நீங்கள் போனதிலிருந்து சாயங்காலம் வாசலில் போய் நிற்கிறான். எதற்கு என்று கேட்டால் சும்மா என்கிறான்.

அம்மா சாகும்போது அழகருக்கு ஒரு நேர்த்தி பாக்கி இருக்கிறதென்று சொன்னது நினைவிருக்கும். வருகிற சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று நீங்கள் மதுரையில் தங்கி முடி இறக்கிவிட்டு வாருங்கள். அம்மா உங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஆம்பளைகள் வீட்டில் தங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏன், எங்கே போகிறார்கள்?

இவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

தங்கள் மகள்
அன்னக்கொடி


வாகைப்பட்டி
1938 அக்டோபர் 17

அருமை மகளுக்கு ஐயா எழுதுவது. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கால் தேவலை. அத்தை இருமிக்கொண்டிருக்கிறாள், மற்றபடி சுகம்.

மழை நன்றாகப் பெய்தது. கிணற்றில் கைக்கு எட்டுகிற மட்டத்தில் தண்ணீர். இரண்டு வெள்ளாடு வாங்கியிருக்கிறேன். ஒன்று சினை.

நீ கேட்டது, ஆம்பளைகள் காவலுக்குப் போகிறார்கள். வயல் காவல்தான்.

ஒரு உதவி செய். என் தகரப்பெட்டியில் பழைய ஸ்டேஷன் மாஸ்டர்மார் மூன்று பேர் கொடுத்த நன்னடத்தைச் சர்டிபிகேட்டுகள் இருக்கும். பெரிய துரை கையெழுத்துப் போட்டதும் ஒன்று உண்டு. நான்கையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. தாமதம் வேண்டாம். ஒரு மனு விஷயமாகத் தேவைப்படுகிறது.

வெள்ளைத்துரையை இங்கிலீசில் நன்றாகக் கவனம் வைக்கச் சொல். நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேச அது வேண்டும்.

நல்லகாமன்


ஈப்போ
1939 ஜனவரி 4

அன்புள்ள ஐயாவுக்கு, மகள் வணங்கி எழுதியது. நாங்கள் சுகம். பொங்கலுக்கு இந்தக் கடிதம் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

சர்டிபிகேட்டுகளை நவம்பரிலேயே அனுப்பினேன். வந்து சேர்ந்ததாக நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. பென்ஷன் வாங்குகிறவருக்கு நன்னடத்தைச் சீட்டு எதற்கு என்று இவர் கேட்கிறார். "தாத்தா மறுபடி வேலைக்குப் போறாரும்மா" என்று வெள்ளைத்துரை சிரிக்கிறான்.

யாருக்காவது ஜாமீன் நிற்கப் போகிறீர்களா? ஏதும் வில்லங்கமா? எழுதுங்கள்.

அன்னக்கொடி


வாகைப்பட்டி
1939 மே 28

மகள் அன்னக்கொடிக்கு ஐயா எழுதிக்கொள்வது. யாவரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் குறைவிருக்காதென்று நினைக்கிறேன்.

காகிதங்கள் வந்தன. வில்லங்கம் எதுவும் இல்லை, நீ கண்டதை நினைத்துக்கொள்ளாதே. ஒரு சின்ன ஆபீஸ் காரியம். நடந்துகொண்டிருக்கிறது.

அழகர் திருவிழாவுக்கு நான் போக முடியவில்லை. கிளம்பத்தான் இருந்தேன். அன்று ஊரில் இருக்க வேண்டியதாகிவிட்டது. முடியை இங்கேயே இறக்கி மஞ்சள் துணியில் முடிந்து அத்தையிடம் கொடுத்தனுப்பினேன். அவள் ஆற்றில் போட்டுவிட்டு வந்தாள். சாமிக்கு வித்தியாசம் இருக்காது.

வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். பென்ஷனுக்குப் போனபோது மதுரை டாக்டர் பார்த்தார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அறுத்து எடுத்துவிடலாம் என்றார். இப்போதைக்குத் தோதுப்படாது. இடது கண் போதும்.

வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது.

நல்லகாமன்


ஈப்போ
1940 ஜூலை 21

அன்புள்ள ஐயாவுக்கு, மகள் எழுதுவது. ஒரு வருஷத்தில் உங்களிடமிருந்து இரண்டே கார்டு வந்தது. இரண்டிலும் சுகம், சுகம் என்று மட்டும் இருந்தது. கண் எப்படி இருக்கிறதென்று எழுதவேயில்லையே.

இங்கே யுத்தத்தினால் சாமான் விலை ஏறியிருக்கிறது. மற்றபடி தொந்தரவில்லை. வெள்ளைத்துரை அடுத்த வருஷம் பெரிய பரீட்சை எழுதுகிறான்.

போன ஞாயிறு காளை என்று உங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். இங்கே தண்டவாளக் கூலியாக இருக்கிறாராம். ஊருக்குப் போய் நாலு மாசம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். உங்களைப் பார்த்ததாகச் சொன்னார். சாப்பாடு போட்டோம். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு வெள்ளைத்துரை தட்டில் கை வைக்கவில்லை.

ஐயா, அங்கே உங்களுக்கு ஒத்துவராவிட்டால் இங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். பென்ஷனை மறுபடி ஈப்போவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இவர் விசாரித்து வைத்திருக்கிறார். எதுவானாலும் என்னிடம் எழுதலாம். எனக்கு முப்பத்தாறு வயசாகிறது. நான் குழந்தை இல்லை.

அன்னக்கொடி


ஈப்போ
1941 ஆகஸ்டு 6

அன்புள்ள ஐயாவுக்கு, அன்னக்கொடி வணங்கி எழுதுவது. அத்தையின் இருமல் நின்றதா? நீங்கள் தினமும் பால் குடிக்கிறீர்களா?

என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பரவாயில்லை. இது முக்கியமானது, இதற்கு எழுதுங்கள்.

ஜப்பான்காரன் சயாமுக்கு அடுத்த நாட்டுக்குள் வந்துவிட்டான். ரயில்வேயில் வெள்ளைக்காரர்கள் தங்கள் பெண்டு பிள்ளைகளை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். இங்கே எதுவும் வராதென்று பத்திரிகையில் போடுகிறார்கள். அவர்கள் குடும்பமே கப்பல் ஏறுகிறபோது நாங்கள் எதை நம்புவது? இவருக்கு மூன்று மாசம் லீவு கிடைக்கும். நாங்கள் மூவரும் ஊருக்கு வந்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். செப்டம்பர் கடைசிக் கப்பலில் இடம் இருக்கிறது. லீவு முடிந்து இவர் திரும்பினாலும் நானும் வெள்ளைத்துரையும் உங்களுடன் இருந்துவிடுவோம். அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அங்கே ஏதாவது வேலை பார்த்துக்கொள்வான்.

வசதி எப்படி இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம். அங்கே உள்ள கஷ்டம் என்னவானாலும் சம்மதம். நீங்கள் வாருங்கள் என்று ஒரு வார்த்தை எழுதினால் டிக்கெட் எடுத்துவிடுவோம்.

தங்கள் மகள்
அன்னக்கொடி


வாகைப்பட்டி
1941 செப்டம்பர் 2

அருமை மகளுக்கு ஐயா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகமாயிருப்பது அறிந்து சந்தோஷம்.

நீங்கள் வருவது பற்றி யோசித்தேன். இப்போது ஊரில் அம்மை போட்டிருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற நேரம் இது இல்லை. அத்தோடு மழைக்காலம் தொடங்கப் போகிறது, பின்சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, கொத்தனார் கிடைக்கவில்லை. உங்கள் அறையில் சாமான் அடைத்து வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் உத்தியோகத்தையும் யோசிக்க வேண்டும். பதறிப்போய் லீவு போட்டால் மேலே உள்ளவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள். மலாய் சர்க்கார் லேசில் விழுகிற சர்க்கார் இல்லை. நான் முப்பது வருஷம் அதன் சோற்றைத் தின்றவன், எனக்குத் தெரியும்.

என் காரியம் ஒன்று கலெக்டர் ஆபீசில் முடியும் தறுவாயில் இருக்கிறது. அது முடிந்தால் எனக்கும் நிம்மதி. தை பிறக்கட்டும், நானே எழுதுகிறேன்.

நல்லகாமன்


ஈப்போ
1941 நவம்பர் 3

அன்புள்ள ஐயாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் வந்தது. கப்பல் போய்விட்டது. தையில் பார்க்கலாம்.

வெள்ளைத்துரைக்கு ரயில்வே ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்திருக்கிறது. முதல் சம்பளத்தில் உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினான். அனுப்பியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்னக்கொடி


வாகைப்பட்டி
1941 டிசம்பர் 13

என் மகளே அன்னக்கொடி, நீங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறீர்களா? அதை மட்டும் முதலில் எழுது.

பினாங்கில் குண்டு போட்டார்களாம். திருமங்கலத்தில் பஸ் நிற்கிற இடத்தில் பேப்பர் படிக்கக் கேட்டேன். எந்தக் கப்பல் கிடைத்தாலும் ஏறி வந்துவிடுங்கள். அம்மையும் இல்லை, சுவரில் விரிசலும் இல்லை. உங்கள் அறை நான் பூட்டிய மாதிரியே சுத்தமாக இருக்கிறது. நான் உன்னிடம் பொய் எழுதினேன்.

நான் வந்த ஒன்பதாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். நம் சாதியையே திருட்டுச் சாதியென்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் பிறந்த ஆம்பளைக்குப் பதினெட்டு வயசானால் ரேகைச் சட்டத்தில் பெயர் பதிய வேண்டுமாம். நான் கப்பலேறிய காலத்தில் இது கிடையாது. பிறகு வந்ததென்று காதில் விழுந்ததுதான். வயிற்றுக்கில்லாமல் திருடுகிறவனுக்கு என்று நினைத்தேன், பென்ஷன்காரனுக்கு என்று நினைக்கவில்லை. காகிதத்தைக் காட்டினேன். ஏட்டு அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பென்சன் மதுரையில வாங்கிக்க. இங்கன நீ இன்னார் மகன், அம்புட்டுத்தேன். விரல நீட்டு" என்றான். பத்து விரலுக்கும் மை தடவினார்கள். அந்த ஏட்டு என்னைவிட முப்பது வயசு சின்னவன்.

முதல் வருஷம் பொழுது சாய்ந்ததும் மற்றவர்களோடு ஸ்டேஷன் கொட்டகையில் போய்ப் படுத்தேன். இப்போது வாரம் இரண்டு தடவை போய் நிற்பதோடு சரி. வெளியூரில் தங்க அவர்களிடம் சீட்டு வாங்க வேண்டும். அழகருக்கும் கண்ணுக்கும் போய்க் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மாதத்தில் ஒரு நாள் மதுரையில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். அந்த ஒரு நாளை மட்டும்தான் உனக்கு எழுதினேன்.

அந்தச் சர்டிபிகேட்டுகளை வைத்து ஆறு மனுப் போட்டேன். விசாரணையில் இருக்கிறது என்று ஆறு பதில் வந்தது. அங்கேயே திரும்பி வந்துவிடலாம் என்றும் பார்த்தேன். நம் சாதி ஆளென்றால் பாஸ்போர்ட்டுக்கு இதே ஸ்டேஷனில்தான் நன்னடத்தைச் சீட்டு வாங்க வேண்டுமாம்.

பக்கத்து வீட்டுப் பேயாண்டி மகனுக்குப் பதினெட்டு வயசான வாரமே வந்து கூட்டிப்போனார்கள். நீ பதினெட்டு என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையன் கைதான் தெரிந்தது. வெள்ளைத்துரை கையைப் பிடித்து அந்தக் கறுப்பில் அழுத்துவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க மாட்டேன் என்று நினைத்தேன். என் பெயரை எடுத்துவிட்டால் உங்கள் பெயரையும் எழுத மாட்டார்கள், அதற்கு இன்னும் இரண்டு மாசம்தான் ஆகும் என்று நினைத்தேன்.

இப்போது சொல்கிறேன். வாருங்கள். வந்துவிடுங்கள்.

உன் ஐயா


ஈப்போ
1945 டிசம்பர் 10

ஐயாவுக்கு அன்னக்கொடி எழுதுவது.

நீங்கள் அக்டோபரில் அனுப்பிய உறை கிடைத்தது. தபால் போக்குவரத்து நின்றுவிட்டதென்று முத்திரை குத்தித் திரும்பி வந்த உங்கள் பழைய கடிதத்தையும் அதற்குள் வைத்திருந்தீர்கள். நான்கு வருஷம் கழித்து அதைப் படித்தேன்.

நானும் இவரும் இருக்கிறோம். வெள்ளைத்துரை இல்லை.

1943 ஏப்ரலில் ரயில்வே ஆட்களைப் பட்டியல் போட்டுச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காட்டுக்குள் புது ரயில்பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாசத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். இவர் ஒர்க்‌ஷாப் ஆள் என்று விட்டுவிட்டார்கள். ஸ்டேஷனில் சரக்குப் பெட்டியில்தான் ஏற்றினார்கள். வெயிலுக்குத் துண்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். அவ்வளவுதான் பேச முடிந்தது.

அவனோடு போன விருமாண்டி என்ற பையன் போன மாசம் திரும்பி வந்தான். நடக்க முடியவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழைக்காலத்தில் காலரா வந்ததாம். வெள்ளைத்துரை இரண்டு நாள் கிடந்தானாம். அங்கே எல்லோரையும் ஒன்றாகப் போட்டு எரித்துவிட்டார்கள். தேதி விருமாண்டிக்குத் தெரியவில்லை.

உங்கள் ரேகை விஷயம் எங்களுக்குத் தெரியும். காளை 1940-லேயே எல்லாம் சொல்லிவிட்டார். நீங்கள் சொல்லாததை நான் எடுத்துப் பேசினால் உங்களுக்குத் தலைகுனிவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கே உள்ள கஷ்டம் என்னவானாலும் சம்மதம் என்று நான் எழுதியது அதைத்தான். உங்களுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

வெள்ளைத்துரையும் தெரிந்துதான் கிளம்ப இருந்தான். இவர் தயங்கியபோது அவன்தான் சொன்னான். "தாத்தா வைக்கிற எடத்துல நானும் வெரல வச்சுட்டுப் போறேன். அவரு ஒத்தையில போயி நிக்கிறாருல்ல" என்றான். உங்கள் செப்டம்பர் கடிதம் வந்த அன்று கட்டிய பெட்டியை அவனே அவிழ்த்தான்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உங்களைக் கேட்காமலே நாங்கள் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும் என்று இவர் சொல்கிறார். அதுவும் சரிதான்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்னக்கொடி


வாகைப்பட்டி
1946 பிப்ரவரி 2

மகள் அன்னக்கொடிக்கு ஐயா எழுதச் சொல்வது. எனக்கு இரண்டு கண்ணும் தெரிவதில்லை. பள்ளிக்கூட வாத்தியார் சிவனாண்டி நான் சொல்வதை எழுதுகிறார். உன் கடிதத்தையும் அவர்தான் படித்துச் சொன்னார்.

அத்தை செத்து இரண்டு வருஷமாகிறது. அவள் மருமகள் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். பென்ஷனுக்குப் போகிற அன்று ஒருவர் கைபிடித்துக் கூட்டிப்போகிறார். ஸ்டேஷனுக்கும் அப்படித்தான். சட்டத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. மனுவும் போடுவதில்லை.

பிள்ளை போன தேதி தெரியாது என்று எழுதியிருந்தாய். ஆடி அமாவாசையன்று கும்பிடுவோம் என்று நினைத்திருக்கிறேன். நீயும் அன்றைக்கே கும்பிடு.

உனக்கு எழுத வேண்டியது ஒரு வார்த்தைதான், அதை நான் காலத்தில் எழுதவில்லை. இப்போது வாருங்கள் என்று எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன். எதற்காக வருவீர்கள்? மாப்பிள்ளைக்கு அங்கே உத்தியோகம் இருக்கிறது. அங்கேயே இருங்கள்.

அவன் என்னைப் பற்றிச் சொன்னதாக நீ எழுதிய இடத்தை வாத்தியார் மறுபடி படிக்க வந்தார். வேண்டாம் என்றேன்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

உன் ஐயா,
நல்லகாமன்